செக் இன்ஜின் விளக்கு சிமிட்டுகிறதா? காரணம், சோதனை, தீர்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செக் இன்ஜின் விளக்கு என்பது மீட்டர் போர்டில் இன்ஜின் வடிவில் எரியும் மஞ்சள் விளக்கு. இந்தியச் சாலைகளில் ஓடும் 3, 4 சிலிண்டர் பெட்ரோல், சிஎன்ஜி கார்களை வைத்து எழுதியது இது. டீசல் கார்களுக்கு ஒரு சிறு பதில் கடைசிக்கு முன்னால் இருக்கிறது.

வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே விளக்கு சிமிட்டத் தொடங்கிவிட்டது. உடனே என்ன செய்வது?

ஆக்சிலேட்டரிலிருந்து காலைத் தளர்த்துங்கள். ஏசியை நிறுத்துங்கள். ஓவர்டேக் செய்துகொண்டிருந்தால் கைவிட்டு இடது ஓரத்துக்கு வாருங்கள். இன்ஜின் மேல் சுமை குறைந்ததும் பல வண்டிகளில் சிமிட்டல் நின்று விளக்கு நிலையாக எரியும். அப்படி நின்றால் 40, 50 கிலோமீட்டர் வேகத்தில், மேட்டில் அழுத்தாமல், பக்கத்தில் இருக்கும் ஒர்க்‌ஷாப் வரை ஓட்டிப் போகலாம். ஊர் போய்ச் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்று 100 கிலோமீட்டர் இழுக்கக் கூடாது.

வேகத்தைக் குறைத்த பிறகும் சிமிட்டினால், வண்டி குலுங்கினால், பெட்ரோல் வாடையோ அழுகிய முட்டை வாடையோ அடித்தால் ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள். நிறுத்தும் இடத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். காய்ந்த புல், வைக்கோல், ரோட்டோரம் உலர்த்திய சோளத்தட்டை இவற்றின் மேல் நிறுத்தாதீர்கள். வண்டிக்கு அடியில் சைலன்சர் பாதையில் இருக்கும் கன்வெர்ட்டர் (புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்) அந்த நேரத்தில் அவற்றைப் பற்றவைக்கும் சூட்டில் இருக்கும். தேசிய நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டால் 1033 என்ற எண்ணில் உதவி கேட்கலாம்.

சிவப்பு ஆயில் விளக்கோ டெம்பரேச்சர் விளக்கோ கூடவே எரிந்தால் ஒர்க்‌ஷாப் வரை போகும் யோசனையே வேண்டாம். அங்கேயே அணைத்துவிடுங்கள்.

நிலையாக எரிவதற்கும் சிமிட்டுவதற்கும் அப்படி என்ன வித்தியாசம்?

நிலையாக எரிந்தால், புகையளவைப் பாதிக்கும் ஏதோ ஒரு கோளாறு பதிவாகியிருக்கிறது என்று பொருள். டேங்க் மூடி சரியாக மூடாததிலிருந்து ஆக்ஸிஜன் சென்சார் வரை எதுவாகவும் இருக்கலாம். இரண்டு மூன்று நாள் பொறுத்துக் காட்டினாலும் பெரிய நஷ்டம் இல்லை. சிமிட்டல் அப்படியல்ல. அது சொல்வது ஒரே ஒரு விஷயத்தை: ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் வெளியேறுகிறது, அதுவும் கன்வெர்ட்டரைக் கெடுக்கும் அளவில். மெக்கானிக்குகள் “வண்டி மிஸ் அடிக்குது” என்பார்களே, அந்த மிஸ்ஃபயர்தான்.

இது இசியுவுக்கு, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிக்கு, எப்படித் தெரிகிறது? இன்ஜினின் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்டில் பல் சக்கரம் ஒன்று இருக்கிறது. பல கார்களில் 60 பல்லுக்கான இடமும் அதில் 2 பல் இல்லாத இடைவெளியும் இருக்கும். ஒவ்வொரு சிலிண்டரும் எரியும்போது கிராங்க் ஒரு உந்து வாங்கி லேசாக வேகம் பிடிக்கிறது. எரியாத சிலிண்டரின் முறை வரும்போது அந்த உந்து இல்லை. பல்லுக்கும் பல்லுக்கும் இடையிலான நேரம் கூடுகிறது. கிராங்க் சென்சார் அதைப் பிடித்து, எந்தச் சிலிண்டர் என்பது வரை இசியுவிடம் சொல்லிவிடும். கன்வெர்ட்டருக்கு ஆபத்தான மிஸ்ஃபயரை 200 சுற்றுக் கணக்கில் பார்க்கிறார்கள். 2000 ஆர்பிஎம்மில் 200 சுற்று என்பது வெறும் 6 விநாடி. விளக்கு இவ்வளவு சீக்கிரம் கத்துவதற்கு அதுதான் காரணம். இந்தியாவில் இந்தக் கண்காணிப்பு 2013 ஏப்ரலில் ஓபிடி-2 (வண்டி தன் கோளாறைத் தானே கண்டறிந்து பதியும் முறை) கட்டாயமானதோடு வந்தது. அதற்கு முந்தைய கார்கள் பலவற்றில் மிஸ் அடித்தாலும் விளக்கு சிமிட்டாது.

ஒரு சிலிண்டர் எரியாவிட்டால் கன்வெர்ட்டர் ஏன் கெட வேண்டும்?

எரியாத பெட்ரோலும் செலவாகாத ஆக்ஸிஜனும் சேர்ந்தே வெளியே வருகின்றன. கன்வெர்ட்டருக்குள் இருக்கும் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு அவற்றைச் சேர்த்து அங்கேயே எரியவைக்கும், அதற்காகத்தானே வைத்திருக்கிறார்கள். சாதாரணமாக 400 முதல் 800 டிகிரி செல்சியஸில் வேலை செய்யும் பொருள் அது. சிலிண்டரில் எரிய வேண்டிய பெட்ரோல் மொத்தமும் அங்கே போய் எரிந்தால் சூடு 900, 1000 டிகிரியைத் தாண்டும். முதலில் பூச்சு செத்துப்போகும். இன்னும் கூடினால் உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற பீங்கான் உருகி அடைத்துக்கொள்ளும். புகை வெளியேற வழியில்லாமல் வண்டி பிக்கப்பே இல்லாமல் தவிக்கும்.

பொறி தரும் பிளக் சில நூறுகளில் வரும், அதற்கு வோல்டேஜ் கொடுக்கும் காயில் சில ஆயிரங்களில் முடியும். கன்வெர்ட்டர் பல பத்தாயிரம் கேட்கும். காலைத் தளர்த்தச் சொல்வது இதனால்தான்.

வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. சென்சார் தப்பாகச் சொல்லியிருக்குமா?

அபூர்வமாக நடக்கும். குண்டும் குழியுமான ரோட்டில் சக்கரத்தின் அதிர்ச்சி கிராங்க் வரை ஏறி மிஸ்ஃபயர் போலத் தெரிவதுண்டு. அதை ஒதுக்கிவிடும் கணக்கு இசியுவிலேயே இருப்பதால், அநேகமாக விளக்கு சொல்வதை நம்பலாம். 4 சிலிண்டர் வண்டி வேகமாகப் போகும்போது ஒரு சிலிண்டர் அவ்வப்போது தவறினால் ஓட்டுநருக்குத் தெரியாது. மேம்பாலத்தில் மூன்றாவது கியரில் ஏறும்போது லேசான உதறலாக வரும், அவ்வளவுதான். 3 சிலிண்டர் வண்டியில் இது நன்றாகவே தெரியும்; சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங்கும் சீட்டும் ஆடும்.

இன்னொன்று: சாவியை ஆன் செய்து ஸ்டார்ட் செய்யாமல் வைத்திருக்கும்போது மட்டும் சில தடவை சிமிட்டி நின்றால் அது மிஸ்ஃபயர் அல்ல. இன்ஜினே ஓடவில்லையே. சில ஹோண்டா கார்களில் சுய பரிசோதனைகள் இன்னும் முடியவில்லை என்பதை அப்படித்தான் காட்டுவார்கள்.

வீட்டில் சோதிக்க என்னென்ன வேண்டும்?

ஒரு ஓபிடி ஸ்கேனர். இஎல்எம்327 வகை புளூடூத் அடாப்டரும் போனில் ஒரு செயலியும் போதும். மிக மலிவான போலிகள் கோடு (இசியு பதிந்துவைக்கும் கோளாறு எண், code) மட்டும் படிக்கும், இன்ஜின் ஓடும்போது வரும் லைவ் டேட்டாவில் திணறும். கூடவே 10 எம்எம் சாக்கெட், நீளமான எக்ஸ்டென்ஷன், உள்ளே ரப்பரோ காந்தமோ உள்ள பிளக் சாக்கெட் (பிளக்கைப் பொறுத்து 16 அல்லது 14 எம்எம்), டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்), ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு), மல்டிமீட்டர், நல்ல டார்ச். டார்க் ரெஞ்ச் இல்லாமலும் பிளக் மாட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் அலுமினிய ஹெட்டில் மரை போனால் அதற்கு ஆகும் செலவில் நாலு டார்க் ரெஞ்ச் வாங்கலாம்.

ஸ்கேனரில் எதைப் பார்க்க வேண்டும்?

16 முனை உள்ள ஓபிடி சாக்கெட் ஸ்டீயரிங்குக்குக் கீழே, டேஷ்போர்டின் அடியில் இருக்கும். சாவியை ஆன் செய்து படியுங்கள். எதையும் அழிக்காதீர்கள். முதலில் கோடுகளைப் போட்டோ எடுத்து வையுங்கள், நிலுவையில் இருக்கும் கோடுகளையும் சேர்த்து. அடுத்து ஃப்ரீஸ் ஃபிரேம். பலர் தாண்டிப்போகும் பக்கம் இதுதான். பாதித் துப்பு இதில்தான் இருக்கிறது. கோளாறு பதிவான நொடியில் ஆர்பிஎம் எவ்வளவு, இன்ஜின் சூடு எவ்வளவு, சுமை எவ்வளவு, ஃபியூவல் டிரிம் (இசியு பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் திருத்தம்) எவ்வளவு என்று காட்டும்.

காலையில் ஸ்டார்ட் செய்த கையோடு, இன்ஜின் 35 டிகிரியில் இருக்கும்போது பதிவாகியிருந்தால் ஈரம், ஒழுகும் இன்ஜெக்டர் (பெட்ரோலைப் பீய்ச்சும் பாகம்), வால்வில் படிந்த கரி என்று யோசிக்கலாம். 95 டிகிரியில், சுமை 80 சதவீதத்தில் பதிவாகியிருந்தால் முதல் சந்தேகம் காயிலும் பிளக்கும். அழுத்தம் கூடக்கூடப் பொறி தாண்டுவதற்கு அதிக வோல்டேஜ் வேண்டும். பலவீனமான காயில் அங்கேதான் தோற்கும்.

கோடுகளில் முக்கியமானவை: பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 இரண்டாவது, அப்படியே பி0304 வரை. பி0300 என்றால் ஒரு சிலிண்டரில் நிற்காமல் பல இடங்களில் தவறுகிறது. பி0351 முதல் பி0354 வரை காயில் சர்க்யூட். பி0201 முதல் பி0204 வரை இன்ஜெக்டர் சர்க்யூட். பி0171 என்றால் பெட்ரோல் குறைவு அல்லது கணக்கில் வராத காற்று. பி0172 பெட்ரோல் அதிகம். பி0016 வந்தால் கிராங்க்கும் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டும் ஒத்துப்போகவில்லை. டைமிங் செயினைப் பார்க்காமல் பிளக் மாற்றிப் பயனில்லை. எண்ணுவது டைமிங் செயின் அல்லது பெல்ட் இருக்கும் பக்கத்திலிருந்து. அங்கே இருப்பது முதல் சிலிண்டர். சில வண்டிகளில் மாறும், மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பி0302 என்று வந்துவிட்டது. உடனே காயில் வாங்கிவிடலாமா?

வேண்டாம். கோடு சொல்வது சிலிண்டரை மட்டும்தான், கெட்ட பொருளை அல்ல. இரண்டாவது சிலிண்டரில் காயில், பிளக், இன்ஜெக்டர், ஒயர், வால்வு என எது கெட்டாலும் அதே பி0302தான் வரும். காசு செலவில்லாமல் கண்டுபிடிக்க வழி இருக்கிறது: மாற்றிப் போட்டுப் பார்ப்பது.

இன்ஜின் நன்றாக ஆறட்டும். இக்னிஷனை அணைத்து, இரண்டாவது சிலிண்டரின் காயில் கனெக்டரை அதன் கிளிப்பை அழுத்திக் கழற்றுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. 10 எம்எம் போல்ட்டைக் கழற்றி, காயிலை லேசாகத் திருகித் திருகி மேலே எடுங்கள். பிளக்கைத் தொடும் முன் குழிக்குள் இருக்கும் மண்ணையும் தூசியையும் காற்றடித்து வெளியேற்றுங்கள். சைக்கிள் பம்ப் போதும். இல்லையென்றால் அவ்வளவும் சிலிண்டருக்குள் விழும்.

இப்போது இரண்டாவது சிலிண்டரின் காயிலை மூன்றாவதிலும், அதன் பிளக்கை முதலாவதிலும் போடுங்கள். அங்கிருந்தவை இரண்டுக்கு வரட்டும். கோடுகளை இப்போது அழித்துவிட்டு, ஃப்ரீஸ் ஃபிரேம் காட்டிய நிலைமையிலேயே கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள். சிமிட்டியதும் காலை எடுத்துவிடுங்கள். கோடு வந்தால் போதும். பி0303 வந்தால் காயில் குற்றவாளி. பி0301 வந்தால் பிளக். மறுபடியும் பி0302 என்றால் இரண்டும் நிரபராதிகள்; இன்ஜெக்டர், ஒயர், கம்ப்ரஷன் பக்கம் போக வேண்டும். ஒரே ஓட்டத்தில் மூன்று பதில் கிடைக்கும்.

இன்ஜின் ஓடும்போதே காயிலைப் பிடுங்கிப் பார்க்கும் பழைய முறை வேண்டாம். ஷாக் அடிக்கும், காயிலும் இசியுவும் கெடலாம், பெட்ரோலும் நேராகக் கன்வெர்ட்டருக்குப் போகும்.

பழைய கார்களில் சிலிண்டருக்கு ஒரு காயில் இருக்காது; ஒரே காயில் பேக்கிலிருந்து பிளக் ஒயர்கள் போகும். அவற்றில் 1-ம் 4-ம் ஒரு ஜோடி, 2-ம் 3-ம் ஒரு ஜோடி. பி0301, பி0304 இரண்டும் சேர்ந்து வந்தால் காயில் பேக்கின் பாதி போய்விட்டது என்று கொள்ளலாம். ஒன்று மட்டும் வந்தால் பிளக் ஒயரைப் பாருங்கள்.

கழற்றிய பிளக்கிலும் காயிலிலும் எதைக் கவனிப்பது?

பிளக் முனை வெளிர் பழுப்பாக இருந்தால் சிலிண்டர் நலம். உலர்ந்த கரி அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகம், அல்லது பொறி பலவீனம். பெட்ரோலில் நனைந்திருந்தால் பொறியே வரவில்லை. எண்ணெய்ப் பசை என்றால் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கிறது. வெளுத்துக் கொப்புளித்திருந்தால் பெட்ரோல் குறைவு, அல்லது வெப்ப எண் மாறிய தப்பான பிளக்.

அடுத்து வெள்ளைப் பீங்கானை டார்ச் வெளிச்சத்தில் சுற்றிப் பாருங்கள். பென்சிலால் கிழித்தது போல மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய கருங்கோடு ஓடினால், பொறி முனைக்குப் போகாமல் வெளிப்புறமாக இறங்கி ஹெட்டில் பாய்ந்திருக்கிறது. காயிலின் ரப்பர் பூட்டுக்குள் (பிளக்கின் மேல் கவியும் ரப்பர் உறை, boot) அதே கோட்டின் மறுபாதி இருக்கும். இதைக் கண்டால் பிளக்கையும் பூட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால், பழையதில் இருக்கும் கரிப்பாதை புதியதிலும் கோடு போட்டுவிடும்.

பூட்டு எண்ணெயில் ஊறி வீங்கியிருந்தால் டேப்பெட் கவரின் பிளக் குழி சீல் ஒழுகுகிறது. அதை விட்டுவிட்டுக் காயில் மாற்றினால் புதுக் காயிலும் அதே வழியில்தான் போகும்.

புது பிளக் மாட்டும் முறை?

பார்ட் நம்பர் மேனுவலில் உள்ளபடியே இருக்க வேண்டும். சாதாரண நிக்கல் பிளக் 20 முதல் 40 ஆயிரம் கிலோமீட்டர் தாங்கும். இரிடியம் என்றால் 60 ஆயிரத்திலிருந்து 1 லட்சம் வரை. சந்தையில் போலி பிளக்குகள் நிறைய இருக்கின்றன; அதிகாரப்பூர்வ விநியோகஸ்தரிடம் பில்லோடு வாங்குங்கள். இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள். டர்போ இல்லாத பெட்ரோல் வண்டிகளில் பெரும்பாலும் 1.0 எம்எம்மை ஒட்டியும், டர்போவிலும் சிஎன்ஜியிலும் 0.7, 0.8 எம்எம்மும் இருக்கும். இரிடியம் முனையை நெம்பி வளைக்கக் கூடாது, உடையும்.

முதல் பல சுற்றுகளைக் கையாலேயே திருகுங்கள். தடுக்கினால் பின்னால் திருப்பி மறுபடி தொடங்குங்கள். பிறகு டார்க் ரெஞ்ச்: 14 எம்எம் மரைக்குச் சுமார் 25 நியூட்டன் மீட்டர், 12 எம்எம் மரைக்கு 15 முதல் 20. உங்கள் மேனுவல் வேறு எண் சொன்னால் அதுதான் சரி. முலாம் பூசிய பிளக் மரையில் கிரீஸ் தடவ வேண்டாம். வழுக்கி அளவுக்கு மேல் இறுகிவிடும். காயில் பூட்டின் உள் விளிம்பில் துளி டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவலாம். பிளக்குகளை மட்டும் எப்போதும் செட்டாக மாற்றுங்கள்.

மழையில் ஓட்டினேன் / இன்ஜினைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினேன், அதன் பிறகுதான் சிமிட்டுகிறது.

பிளக் குழியில் தண்ணீர் நிற்கிறது. காயில்களைக் கழற்றி, குழியை உறிஞ்சி, காற்றடித்து, பூட்டை நன்றாக உலர்த்தி மாட்டினால் அநேகமாகச் சரியாகிவிடும். தானாகக் காயட்டும் என்று ஓட்டினால் மேலே சொன்ன கருங்கோடு விழுந்து காயிலும் போய்விடும். வாட்டர் வாஷ் கொடுக்கும்போது பானட்டுக்குள் பிரஷர் கன் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டி வேறு கதை. அதை ஸ்டார்ட் செய்யாமல் டோ செய்து கொண்டுபோக வேண்டும்.

நாலு நாள் நிறுத்தியிருந்த வண்டி, ஸ்டார்ட் செய்ததுமே சிமிட்டுகிறது.

எலியைச் சந்தேகியுங்கள். இன்ஜெக்டருக்கும் காயிலுக்கும் போகும் மெல்லிய ஒயர்கள் அதற்குத் தோதான உயரத்தில் இருக்கின்றன. புழுக்கை, கடித்த ரப்பர்த் தூள், இன்ஜின் மேல் இழுத்துவந்து போட்ட கந்தல், ஏதாவது தென்படும். பி0201 வரிசைக் கோடுகள் வந்தால் ஏறக்குறைய உறுதி. அறுந்த ஒயரை முறுக்கி டேப் சுற்றிவிடாமல், சால்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் போடச் சொல்லுங்கள். முறுக்கிய இடம் பச்சை பூத்து, சில மாதத்தில் அதே விளக்கு திரும்ப வரும்.

பி0300 மட்டும் வருகிறது. எந்தச் சிலிண்டர் என்றே தெரியவில்லை.

எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவான ஒன்றில் கோளாறு: காற்று, பெட்ரோல், அல்லது ஒரே வயதில் தேய்ந்த பிளக் செட். லைவ் டேட்டாவில் ஷார்ட் டேர்ம், லாங் டேர்ம் ஃபியூவல் டிரிம் இரண்டையும் கூட்டிப் பாருங்கள். 10 சதவீதத்துக்குள் ஏறி இறங்கினால் கவலையில்லை. ஐடிலிங்கில் +20-க்கு மேல் இருந்து, 2500 ஆர்பிஎம்மில் பிடிக்கும்போது நன்றாக இறங்கினால் எங்கோ காற்று கசிந்து உள்ளே போகிறது. பிசிவி குழாய் (இன்ஜினுக்குள் சேரும் புகையை இன்டேக்குக்குக் கொண்டுபோவது), பிரேக் பூஸ்டர் குழாய், இன்டேக் மேனிஃபோல்ட் கேஸ்கட் இந்த மூன்றையும் காது வைத்துக் கேளுங்கள், விரலால் வளைத்துப் பாருங்கள்; வெடிப்பு பெரும்பாலும் குழாயின் அடிப்பக்கத்தில் கண்ணில் படாமல் இருக்கும். சூடான இன்ஜின்மேல் கார்ப் கிளீனர் தெளித்துப் பார்ப்பது தீ விபத்தில் முடியலாம். ஒர்க்‌ஷாப்பில் ஸ்மோக் டெஸ்ட் (புகையைச் செலுத்திக் கசிவைக் கண்டுபிடிப்பது) கேளுங்கள்.

இதற்கு நேர்மாறாக, ஐடிலிங்கில் சரியாக இருந்து சுமை ஏற ஏற டிரிம் கூடினால் பெட்ரோல் போதவில்லை. பம்ப், ஃபில்டர், பிரஷர். மேனிஃபோல்டில் பீய்ச்சும் சாதாரண பெட்ரோல் வண்டிகளில் பிரஷர் ஏறக்குறைய 3 முதல் 4 பார் இருக்க வேண்டும். கேஜ் போடாமல் பம்ப் மாற்றச் சொல்கிறவரிடம் கேஜ் போடச் சொல்லுங்கள்.

பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்த கொஞ்ச நேரத்தில் தொடங்கியது. கலப்படமா?

தண்ணீராக இருக்க அதிக வாய்ப்பு, அதுவும் மழைக்காலத்தில். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது தண்ணீரை இழுக்கும், ஓர் அளவைத் தாண்டினால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் தங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். ஃபியூவல் லைனிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் எடுத்து அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். இரண்டு அடுக்காகப் பிரிந்தால் டேங்க்கை முழுவதும் இறக்க வேண்டும். மேலே நல்ல பெட்ரோல் ஊற்றினால் சரியாகாது. பங்க்கில் ஃபில்டர் பேப்பர் சோதனை கேட்பது உங்கள் உரிமை. ஆனால் அது மண்ணெண்ணெய், டீசல் கறையைக் காட்டுமே தவிரத் தண்ணீரைக் காட்டாது. பில்லையும் அந்தப் பாட்டிலையும் பத்திரமாக வைத்திருங்கள்.

சிஎன்ஜியில் சிமிட்டுகிறது, பெட்ரோலுக்கு மாற்றினால் நிற்கிறது. கேஸ் கிட் கெட்டுவிட்டதா?

உடனே அப்படி முடிவுகட்டாதீர்கள். சிஎன்ஜியைப் பற்றவைக்க பெட்ரோலைவிட அதிக வோல்டேஜ் வேண்டும். இடைவெளி தேய்ந்து அகன்ற பிளக்கும் சோர்ந்த காயிலும் பெட்ரோலில் சமாளிக்கும், கேஸில் மாட்டிக்கொள்ளும். ஆகவே முதலில் பிளக். சிஎன்ஜி ஓட்டத்துக்கு பிளக் ஆயுள் குறைவு என்று வைத்தே மாற்ற வேண்டும். அதன் பிறகும் நிற்கவில்லை என்றால் கேஸ் ஃபில்டர், கேஸ் அழுத்தத்தைக் குறைக்கும் ரெட்யூசரின் பிரஷர், கேஸ் இன்ஜெக்டர் என்ற வரிசையில் போகலாம். பங்க் கம்ப்ரஸரிலிருந்து வரும் எண்ணெய்ப் பசை ஃபில்டரிலும் இன்ஜெக்டரிலும் படிவது சகஜம். இது சான்று பெற்ற ஆள் செய்ய வேண்டிய வேலை; 200 பார் அழுத்தத்தில் உள்ள லைனை வீட்டில் கழற்றக் கூடாது.

பெட்ரோலில் சிமிட்டி சிஎன்ஜியில் நின்றால் பெட்ரோல் இன்ஜெக்டர்கள் பிசின் கட்டியிருக்கும். மாதக்கணக்கில் கேஸிலேயே ஓட்டுகிற வண்டிகளில் இது நிச்சயம் வரும். வாரம் ஒரு முறையாவது கொஞ்ச தூரம் பெட்ரோலில் ஓட்டுங்கள்.

காயில், பிளக், இன்ஜெக்டர் எல்லாம் சரி. இன்னும் அதே சிலிண்டர்தான்.

கம்ப்ரஷன் டெஸ்ட். ஃபியூவல் பம்ப் ஃபியூஸை எடுத்து, காயில் கனெக்டர்களைக் கழற்றி, எல்லா பிளக்கையும் எடுத்துவிட்டு, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடி 5, 6 சுற்று கிராங்க் செய்ய வேண்டும். நல்ல பெட்ரோல் இன்ஜின் 10 முதல் 14 பார் வரை காட்டும். எண்ணைவிடச் சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசம் முக்கியம். 15 சதவீதத்துக்கு மேல் போனால் கோளாறு. குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்தால் ஹெட் கேஸ்கட். ரேடியேட்டர் தண்ணீர் குறைகிறதா என்றும் பாருங்கள்.

பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினால் விளக்கு போய்விடுமாமே?

போகும். கூடவே கோடு, ஃப்ரீஸ் ஃபிரேம், கற்றுவைத்த டிரிம் கணக்கு எல்லாம் போகும். கோளாறு மட்டும் போகாது.

சரிசெய்த பிறகு விளக்கு எப்போது அணையும்? கன்வெர்ட்டர் தப்பித்ததா என்று எப்படித் தெரியும்?

ஸ்கேனரில் அழித்தால் உடனே அணையும். அழிக்காவிட்டாலும் தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் மிஸ்ஃபயர் இல்லையென்று கண்டால் இசியுவே அணைத்துவிடும்.

கன்வெர்ட்டரைச் சில நாள் கழித்துப் பார்க்க வேண்டும். பி0420 வந்தால் அதன் திறன் போய்விட்டது. ஆறிய பிறகு ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டும்போது உள்ளே கலகலவென்று சத்தம் வந்தால் பீங்கான் உடைந்திருக்கிறது. ஐடிலிங்கில் நன்றாக இருந்து, அழுத்தினால் 3000 ஆர்பிஎம்முக்கு மேல் ஏறத் திணறினால் அடைத்திருக்கிறது. எக்ஸாஸ்ட் பேக் பிரஷர் அளந்து உறுதிசெய்யலாம். மிஸ்ஃபயரைச் சரிசெய்யாமல் புதுக் கன்வெர்ட்டர் போடுவது வீண் செலவு, அதுவும் உருகிவிடும்.

டீசல் காரிலும் இதே அர்த்தமா?

இல்லை. டீசலில் பிளக் பொறி கிடையாது. சுருள் வடிவ ஹீட்டர் விளக்கு சிமிட்டினால், சில ஐரோப்பிய கார்களில் அது இன்ஜின் கட்டுப்பாட்டுக் கோளாறைக் குறிக்கும். பிஎஸ்-6 வண்டிகளில் டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) விளக்கும் சேர்ந்துகொள்ளும். அதை அந்த வண்டியின் மேனுவலை வைத்தே படிக்க வேண்டும்.

மெக்கானிக் நாலு காயிலையும் மாற்றச் சொல்கிறார். சரியா?

எந்தக் கோடு வந்தது, மாற்றிப் போட்டுப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். ஒரு காயில் கெட்டதற்கு ஒன்றை மாற்றினால் போதும். வண்டி 1 லட்சம் கிலோமீட்டரைத் தாண்டி, ஏற்கெனவே இரண்டு காயில் போயிருந்தால் மட்டும் மீதியையும் மாற்றுவதில் நியாயம் உண்டு. பழைய பாகங்களைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். அவற்றில் நல்ல காயில் ஒன்று இருந்தால் டிக்கியில் போட்டு வைக்கலாம், அடுத்த முறை நெடுஞ்சாலையில் சிமிட்டும்போது 10 எம்எம் ஸ்பேனரோடு அது உதவும்.